ஏற்றத்தில் கியர் பிடிக்காத வண்டி

தம்பி,

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் ஆரம்பிக்கப் போவதில்லை. அதை வாராவாரம் போனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீயும் வாராவாரம் "ஆங், சாப்ட்டேன்மா" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாய். போன வியாழக்கிழமை மட்டும் புதிதாக ஒன்று சொன்னாய். அடுத்த மாதம் ஜொகூரிலேயே கல்யாணப் பதிவு, பெண் வீட்டில் எல்லோரும் வருகிறார்கள், "நீங்க மட்டும் வாங்கம்மா, அவரு வேணாம்." அப்பா என்றுகூட உன் வாயில் வரவில்லை, அவரு என்றாய். நான் சரிப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குள் அடுப்பில் பருப்பு தீய்ந்துபோயிருந்தது. அந்தச் சட்டியைத் தேய்க்கத் தேய்க்க எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. உன் மேல் எரிச்சல், உன் அப்பா மேல் எரிச்சல், வாசலில் நிற்கிற அந்தப் பாழாய்ப்போன பிக்கப் மேல் எரிச்சல். இதையெல்லாம் வாய்ஸ் மெசேஜில் அனுப்பினால் நீ வேகமாக ஓடவிட்டுக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் முழுதாகப் படி.

அந்த வண்டி நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும், ஆனால் மறந்துவிட்டவன் போல நடந்துகொள்கிறாய். உன் அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். அந்தத் தோட்டத்தை மூடிய பிறகு சொந்தமாக ஒரு லோரி வைத்துக்கொண்டு கூடாரக் கம்பி, மேசை, நாற்காலி என்று கல்யாண வீட்டுக்கும் கருமாதி வீட்டுக்கும் ஏற்றி இறக்கியவர். காலால் மிதித்துக் கையால் கியர் மாற்றினால்தான் அது வண்டி ஓட்டுவது, மற்றதெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பது என்பது அவர் கட்சி. லோரி இனி தேறாது என்றானபோது, சாமானை ட்ரெய்லரில் போட்டு இழுக்க ஒரு பழைய பிக்கப் போதும், ஆட்டோ கியராக இருக்கட்டும், அம்மாவும் ஓட்டலாம் என்று சொன்னது நீதான். "ஆட்டோவா? எடது கால் இல்லாதவன் ஓட்டுற வண்டிலா அது" என்று ஒரு வாரம் முனகினார். நீ விடவில்லை. உன்னால்தான் நான் நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்தேன். பத்து காஜா மார்க்கெட்டுக்கு முதல் முறையாக நானே ஓட்டிப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்த அன்று, வண்டியை நிறுத்திவிட்டு இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மீனைக் காட்டி "நல்ல மீனா பாத்து வாங்கினியா?" என்றுதான் அவர் கேட்டார், நீயோ கேட்கவே இல்லை. வண்டிச் சாவி என் கைப்பையில் கிடப்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வீட்டு ஆண்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

மலைக்குப் போன அந்த நாளை நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாயோ, நான் பார்த்ததைச் சொல்கிறேன். மலைமேல் கம்போங் ராஜாவில் கோயில் திருவிழா. மதியத்துக்குள் கூடாரம் நிற்க வேண்டும் என்று நிர்வாகத்தில் மூன்று முறை போன் செய்துவிட்டார்கள். நீ ஓட்டினாய், அப்பா உன் பக்கத்தில், நான் பின் சீட்டில். வேலையாட்கள் இரண்டு பேர் வேனில் பின்னால் வந்தார்கள். அடிவாரத்தில் சிம்பாங் பூலாயில் டீ குடித்துவிட்டு ஏறத் தொடங்கினோம். பாதி மலை வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் அந்த நீளமான ஏற்றத்தில் எஞ்சின் திடீரென்று அலறியது, வண்டி மட்டும் நகரவில்லை. நீ காலை எடுத்துவிட்டு மறுபடியும் பதமாகத்தான் அழுத்தினாய். எஞ்சின் வேகம் காட்டுகிற முள் மேலே போகிறது, வண்டி ஊர்கிறது. "கியர் புடிக்கலப்பா, வழுக்குது. எண்ணெய் பாத்தீங்களா?" என்று கேட்டாய். "காலையிலதான் பாத்தேன், ஃபுல்லா இருக்கு. நீ அழுத்துலா" என்றார். அழுத்தினாய். உள்ளே கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் வண்டி அப்படியே நின்றுவிட்டது.

பின்னால் காய்கறி ஏற்றப் போகிற லோரிகள் வரிசையாக நின்று ஹார்ன் அடிக்கின்றன. உன் அப்பா இறங்கி ரோட்டில் நின்றுகொண்டு கத்தினார். "மிதிச்சு மிதிச்சுக் கியரைக் கொன்னுட்டியேடா! பளு இழுக்குற வண்டிய ரேஸ் காடின்னு நெனச்சியா? முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன், ஒரு நாள் இப்படி நின்னிருக்கா?" வேலையாட்கள் வேனை விட்டு இறங்கி, என்ன செய்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு லோரிக்காரர் வேடிக்கை பார்க்கவே இறங்கி வந்தார். நின்று நின்று ஏறி, கூடாரம் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தது. கோயில் ஆட்கள் பேசிய பேச்சை அவர் உன் பக்கம் திருப்பிவிட்டார். "இனிமே உங்க வண்டியும் வேணாம், உங்க வேலையும் வேணாம்" என்று சொல்லிவிட்டு ஒரு வாரத்துக்குள் நீ ஜொகூர் பஸ் ஏறிவிட்டாய். ஏழு மாதம் ஆகிறது. அவரோடு ஒரு வார்த்தை இல்லை.

நீ போன பிறகு இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைக் கேள். முதலில் காட்டிய வொர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் தூக்காமல் கியர் பெட்டி மொத்தமும் மாற்ற வேண்டும் என்றார்கள். இரண்டாவது இடத்தில் கதவருகே நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றார்கள். இவர் இரண்டு இடத்திலும் வண்டியை எப்படி அறிமுகம் செய்தார் தெரியுமா? "பையன் ஓட்டிக் கெடுத்த வண்டி." வண்டிக்கு என்ன நோய் என்று எவனுக்கும் தெரியாது, நோய் யாரால் வந்தது என்று மட்டும் முதல் நாளே முடிவாகிவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. சரி, நானே பார்க்கிறேன் என்று சாவியை எடுத்தேன். தினமும் காலையில் பழைய தோட்டத்து ரோட்டில் ஓட்டினேன். இப்போது அங்கே ரப்பர் ஏது, ஒரு பக்கம் செம்பனை, மறு பக்கம் புதுத் தாமான் குடியிருப்பு வீடுகள். காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்தேன். வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகப் போகிறது. முக்கால் மணி நேரம் ஓடிச் சூடேறினால் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறுகிற இடத்தில் வழுக்குகிறது. பின்னால் நாற்காலி கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் இருபது நிமிடத்திலேயே வழுக்குகிறது. ரிவர்ஸ் எப்போதும் நன்றாக இருக்கிறது. நிறுத்தி ஆறவிட்டால் மறுபடியும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடுகிறது. "நீ என்ன மிஸ்ஸியா, காச்சல் குறிச்சுக்கிட்டு இருக்க?" என்று என்னை நர்ஸாக்கி நக்கல் செய்தார். ஆமாம், காய்ச்சல்தான், சூட்டில் வருகிற கோளாறுதான் என்றேன். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாகப் போனது பத்து காஜாவுக்கு வெளியே ஒரு சின்ன வொர்க்‌ஷாப். மெக்கானிக் நம் ஆள்தான், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். என் தாள்களை ஒன்று விடாமல் படித்தார். "ஆண்ட்டி, இந்த மாதிரி எழுதிக்கிட்டு யாரும் வந்ததில்ல" என்றார். ஏழு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை. பிறகு, "கியர் எண்ணெய் யாரு பாக்குறது?" என்று கேட்டார். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான். டெய்லி காலையில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி. ஒரு நாள் தவறினதில்ல" என்று சொல்லி, எஞ்சின் ஓடாமல் நிற்கும்போதே கியர் எண்ணெய் அளவுக் கம்பியை உருவித் துணியால் துடைத்துவிட்டு முக்கி எடுத்துக் காட்டினார். எண்ணெய் சரியாகக் கோட்டில் நின்றது. அந்த மெக்கானிக் சிரிக்கவில்லை, அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். "அங்கிள், எஞ்சின் எண்ணெய அப்படிப் பாக்கலாம். ஆட்டோ கியர் எண்ணெய அப்படிப் பாக்கக்கூடாது. வண்டி சூடாகி, எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் பாக்கணும். நிப்பாட்டினா மேல இருக்குற எண்ணெயெல்லாம் கீழ வடிஞ்சு நிறைஞ்ச மாதிரி காட்டும்லா" என்றார். ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை எல்லா இடத்துக்கும் ஒரு தடவை நகர்த்தி, பழையபடி பார்க்கிங்கில் போட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவினார். நுனியில் மட்டும் ஈரம். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்த டீ நிறத்தில் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் மலையில் வந்த அதே கருகல் வாடை.

கீழே குனிந்து டார்ச் அடித்துக் காட்டினார். எண்ணெயைக் குளிரவைக்க முன்பக்கம் கொண்டுபோகிற குழாயின் மூட்டில் கசிவு. தரையில் சொட்டுகிற அளவுக்குக்கூட இல்லை. வண்டி ஓடிச் சூடேறும்போது மட்டும் கசிந்து, அங்கேயே புழுதியோடு அப்பிக்கொண்டிருந்தது. மாதக்கணக்காக எண்ணெய் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, உன் அப்பா தினமும் காலையில் நிறைந்திருக்கிறது என்று முடிவு சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். லோரியில் முப்பது வருடம் பழகிய கை, எல்லா வண்டியும் லோரிதான் என்று நினைத்துவிட்டது. குழாயை மாற்றி, எண்ணெயை மாற்றி, பளு இழுக்கிற வண்டி என்பதால் தனியாக ஒரு கூலரும் போட்டுக் கொடுத்தார். ஆனால் கியர் பெட்டிக்குள்ளே கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கின்றன, மலைக்கு இழுக்க இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். "ஏத்தத்துல டி-யிலயே விடாதீங்க, கீழ் கியர்ல போட்டு மெதுவா ஏறுங்க. மொதல் தடவ வழுக்குனவுடனே நிப்பாட்டிப் பாத்திருந்தா தட்டு தப்பிச்சிருக்கும்" என்றார். இந்தக் கடைசி வாக்கியம் என்னை எங்கே குத்தியது என்று பிறகு சொல்கிறேன்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன், உன் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகு சொன்னது இதுதான்: "அவன் போன் பண்ணா, வண்டி சரியாயிடுச்சுன்னு சொல்லு." தம்பி, அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை எதில் அளப்பது? வண்டி சரியாகிவிட்டது, அவ்வளவுதான். நான் தவறாகப் பார்த்தேன், பிள்ளையை நடுரோட்டில் நிறுத்தித் திட்டினேன் என்று ஒரு வார்த்தை இல்லை. உனக்குப் பதினொரு வயதில், கூரை மேலே ஏறி டிவி ஏரியலை ஒடித்தாய் என்று உன்னை அடித்தாரே, மறுநாள் குரங்கு அதன் மேல் ஊஞ்சலாடுவதை அவரே பார்த்தார். என்ன செய்தார்? ரொட்டி சானாய் வாங்கி வந்து உன் முன்னால் வைத்துவிட்டுப் போனார். நீயும் தின்றாய். நானும், பாவம், மனசுக்குள் வருத்தப்படுகிறார் என்று உன்னிடம் எடுத்துச் சொன்னேன். அன்றைக்கே நான் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்து, முதலில் பிள்ளையிடம் தப்பு என்று சொல்லுங்கள் என்று நின்றிருக்க வேண்டும். உனக்கும் அந்தக் குணத்தில் பாதி இருக்கிறது. தப்பு செய்தால் அவர் தின்ன வாங்கி வைப்பார், கோபம் வந்தால் நீ பஸ் ஏறுவாய். நீ கட்டப்போகிற பெண்ணிடமும் இதையே செய்யாதே. கோபம் வந்தால் அதே அறையில் உட்கார்ந்து, எதற்குக் கோபம் என்று வாயால் சொல். எனக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டியதுதான்.

ஏனென்றால் இதுவரை நான் எழுதியதெல்லாம் உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. மலைக்குப் போவதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால், நீ ஈப்போவில் இருந்தாய், அவருக்கு முதுகு வலி. கோப்பெங்கில் ஒரு வீட்டுக்கு நாற்காலிகளைக் கொண்டுபோனது நான்தான், ஞாபகம் இருக்கிறதா? போகும்போது ஒரு சின்ன ஏற்றத்தில் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அப்படியே. ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எடுத்தால் ஒழுங்காகப் போனது. வீட்டுக்கு வந்ததும், "வண்டி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு" என்றேன். என் கால்தான் தவறாக மிதித்துவிட்டது என்று பாதி நம்பினேன். மீதிப் பாதியில், சொன்னால் பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்பார், சாவி அவர் பாக்கெட்டுக்குப் போய்விடும், மறுபடியும் மார்க்கெட்டுக்கு அவர் எப்போது கிளம்புவார் என்று காத்திருக்க வேண்டும் என்ற பயம். அந்தச் சாவிக்காக நான் வாயை மூடிக்கொண்டேன். முதல் தடவை வழுக்கியது உன் காலில் இல்லை, என் காலில்.

மலையில் எஞ்சின் அலறிய நிமிடமே அது கோப்பெங்கில் கேட்ட அதே அலறல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கத்திக்கொண்டிருந்தபோது நீ என் ஜன்னல் பக்கம் வந்தாய். "அம்மா, நீங்க பின்னாலதானே உக்காந்திருந்தீங்க. நீங்களே சொல்லுங்க, நான் தப்பா ஓட்டுனேனா?" என்று கேட்டாய். எனக்கும் இப்படித்தான் ஆனது என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன்? "போதும்லா, ரெண்டு பேரும் நிறுத்துங்க." உன் முகம் எப்படி ஆனது என்று பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. வேலையாட்கள் முன்னால் அவருக்குத் தலைகுனிவு வேண்டாம், நீ என் பிள்ளை, தாங்கிக்கொள்வாய், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று நானே பங்கு பிரித்துவிட்டேன். நம் வீட்டில் நான் எப்போதும் இப்படித்தான் பிரித்திருக்கிறேன். யார் தாங்குவாரோ அவர் தலையில் கொஞ்சம் அதிகம் வைப்பது. காலண்டர் தாளில் குறித்துக் குறித்து வண்டிக்கு நோய் கண்டுபிடித்தேன் என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேனே, அதுவும் வேறொன்றும் இல்லை. நான் வாயைத் திறக்காமலே உன் மேல் பழி இல்லை என்று வேறு யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று தேடி அலைந்தேன். அந்த மெக்கானிக் சொன்னார், நான் அப்போதும் திறக்கவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் கேட்டப்போ நீ சொல்லியிருந்தா, நான் வண்டியத் தொறந்து பாத்திருப்பேன்லா" என்றார். பாதியில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் சமைத்ததைப் போட்டுச் சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார், அவ்வளவுதான். இந்த ஒரு தடவை அவர் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நேற்று மட்டும் வாசலில் நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமல், "பதிவு என்னிக்கு?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். உன்னைக் கூப்பிடுவாரா, என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அவருக்காக நான் இனிமேல் எதையும் உனக்கு எடுத்துச் சொல்லப் போவதில்லை. அவர் தப்பை அவர் சொல்லட்டும். என்னுடையதை நான் சொல்லிவிட்டேன்.

நீங்க மட்டும் வாங்க என்றாய். எங்களில் ஒருத்தர்தான் வரலாம் என்றால் அவரைக் கூப்பிடு. அவர் தெரியாமல் உன்னைத் திட்டினார். நான் தெரிந்தே பேசாமல் இருந்தேன். இரண்டு பேரும் வேண்டாம் என்றாலும் சரி, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. பஸ் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, உன் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். அதற்கு நீ எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நான் உனக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இனி ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. நீ தப்பாக ஓட்டவில்லை, தம்பி. எனக்கு அன்றைக்கே தெரியும்.

அம்மா